ஒரே ஒரு விமர்சகரை நம்பி மலையிறங்கலாமா?

கேத்தி வாசகன்:
வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் பெரிய திரையில், நல்ல ஒலியில் படம் பார்க்க வேண்டுமென்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிட்டால் இன்னும் இழுக்கும். படம் சரியில்லை என்றால் டிக்கெட் காசோடு ஒரு முழு நாளும் போச்சு. அதனால் கீழே இருப்பவர்களைவிட நமக்குத்தான் நல்ல விமர்சகர் அதிகம் தேவை.

நான் மிகவும் மதிப்பது பரத்வாஜ் ரங்கனை. 2005ஆம் ஆண்டின் சிறந்த திரைப்பட விமர்சகருக்கான தேசிய விருது வாங்கியவர். கதைச் சுருக்கம் சொல்லி நட்சத்திரம் குத்துவதோடு நிற்க மாட்டார். ஒரு காட்சியை எடுத்து, கேமரா ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, முதல் பாதியில் வந்த ஒரு சின்ன விஷயம் பிற்பாதியில் எப்படித் திரும்பி வருகிறது என்று பிரித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் படத்தை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். ஆனால் ஒருவருடைய எழுத்து பிடிப்பதும், அவர் சொல்லை வைத்து நாலு டிக்கெட் போடுவதும் ஒன்றா? ஒரு விமர்சகரை எப்படிச் சோதிப்பது, எந்த இடத்தில் அந்த நம்பிக்கை தவறும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "ரசனை அவரவர்க்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம்.

குன்னூர் ரீல்:
நல்ல கேள்வி தம்பி. அவருக்குப் பிடித்தது எனக்கும் பிடிக்க வேண்டும் என்பதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால் ஆரம்பமே தப்பு. அவருடைய சாய்வு நிலையாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நிலையாக இருந்தால் அவர் திட்டுவதைக்கூட நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். அடிதடிப் படங்களே ஆகாத ஒருவர், "சண்டைக் காட்சிகள் மட்டும் சுத்தமாக எடுக்கப்பட்டிருக்கின்றன" என்று வேண்டாவெறுப்பாக ஒரு வரி எழுதினால், சண்டைக்காகப் போகிறவருக்கு அதைவிட உறுதியான சான்று கிடையாது.

சோதிக்கும் முறை இது. ஏற்கெனவே பார்த்த படங்களில் ஒரு பன்னிரண்டை எடுங்கள். பிடித்தது நாலு, பிடிக்காதது நாலு, "பரவாயில்லை" ரகம் நாலு. ஒவ்வொன்றையும் பற்றி மூன்று வரி முதலில் நீங்கள் எழுதி வையுங்கள். அப்புறம்தான் அந்த விமர்சகர் எழுதியதைத் திறக்க வேண்டும். வரிசையை மாற்றினால் சோதனை கெட்டுவிடும். நன்றாக எழுதுகிறவரை முதலில் படித்தால் அவர் கருத்து நம் கருத்தாகவே மனதில் உட்கார்ந்துவிடும். ஒப்பிடும்போது "நல்லாயிருக்கு, நல்லாயில்லை" என்ற முடிவை விட்டுவிட்டுக் காரணத்தைப் பாருங்கள். இருவரும் படத்தைப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். அவருக்குக் காரணம் நடிப்பு, உங்களுக்குக் காரணம் நீளம் என்றால் அது பொருத்தமே இல்லை. முடிவு வேறாக இருந்தும் இருவரும் ஒரே காட்சியைக் காரணமாகக் காட்டினால் அவர் உங்களுக்கு உதவக்கூடியவர்.

பன்னிரண்டையும் முடித்தால் ஒன்று புலப்படும். விலகல் எல்லா வகைப் படங்களிலும் சிதறி இருக்காது, ஒன்றிரண்டு வகைகளில் குவிந்திருக்கும். பெரும்பாலும் நகைச்சுவையும் பேய்ப் படமும். பத்திரிகையாளர் காட்சியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் சிலருக்கு நடுவே நகைச்சுவை எடுபடாது. நிறைந்த அரங்கில் சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். இந்த இரண்டு வகைக்கும் மட்டும் அவரை விட்டு வேறொருவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

சோலைக்குருவி (கொடைக்கானல்):
ரீல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு விமர்சனத்தில் விவரிக்கும் வாக்கியம் எத்தனை, தீர்ப்புச் சொல்லும் வாக்கியம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். "இரண்டாம் பாதி தொய்வு" என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு வாசகர் ஒன்றும் செய்ய முடியாது. "இடைவேளைக்குப் பிறகு நாயகன் மருத்துவமனை வராந்தாவை விட்டு நகரவே இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்" என்பது விவரணை. எழுதியவருக்கு அது சலிப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் படத்தை விரும்புகிறவர் இதைப் படித்ததும் டிக்கெட் போட்டுவிடுவார். நல்ல விமர்சகர் தான் திட்டும் படத்தையும் இப்படி விரும்புகிறவர் கண்டுபிடிக்கும்படி எழுதுவார். என் பார்வையில் முதல் தகுதியே இதுதான்.

நம் மலைக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாதித் தமிழ்ப் படங்களின் பாட்டும் காதலும் இங்கேதான் எடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த இடம் நமக்குத் தெரியும். அதையே சோதனைக் களமாக்குங்கள். "ஊட்டியின் அழகு கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று எழுதுகிறவர் ஒளிப்பதிவைப் பார்க்கவே இல்லை. மூடுபனியில் நிழல் விழாது, முகத்தில் எல்லாப் பக்கமும் வெளிச்சம் ஒரே அளவாகப் படும், தூரத்து மரம் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். இதையெல்லாம் கதையோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதுகிறவர் பார்த்திருக்கிறார். மூன்றாம் பிறை (1982) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவரே ஒளிப்பதிவாளர், இருக்கிற வெளிச்சத்தை வைத்து வேலை செய்வதில் பேர்போன பாலு மகேந்திரா. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வாங்கிய படம். கேத்தி ரயில் நிலையத்து மழைக் காட்சியைப் பற்றி ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். நடிப்பை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறாரா, அந்த மழையையும் சேற்றையும் வெளுத்த வானத்தையும் பார்த்தாரா என்பது தெரிந்துவிடும்.

தேயிலைத் தோட்டக் காட்சிகளும் அப்படித்தான். பல தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டக் கத்தரியும் பையும் இருக்க, திரையில் கசங்காத புடவையும் மூங்கில் கூடையும் வந்தால் கண்ணில் படாமல் போகாது. அதைச் சுட்டாத விமர்சகரைக் குறை சொல்லவில்லை. சுட்டுகிறவர் நமக்குத் தெரியாத ஊரைப் பற்றிச் சொல்லும்போதும் நம்பலாம் என்கிறேன்.

பெருமாள்மலை:
இவ்வளவு பாடு எதற்குங்க? ஒருத்தரை நம்புறதைவிட நூறு பேர் மார்க்கைக் கூட்டிச் சராசரி எடுத்தா போதாதா? ராட்டன் டொமேட்டோஸ், ஐஎம்டிபி எல்லாம் அதுக்குத்தானே இருக்கு. ஒரு ஆளோட ரசனைக்கு நாம ஏன் அடிமையா இருக்கணும்?

குன்னூர் ரீல்:
பெருமாள்மலை, நீங்கள் சொல்லும் முதல் தளத்தில் காட்டுவது சராசரியே இல்லை. மொத்த விமர்சனங்களில் எத்தனை சதவீதம் சாதகம் என்பது மட்டும்தான். நூறு பேரும் "சுமார், ஒரு தடவை பார்க்கலாம்" என்று பத்துக்கு ஆறு போட்டால் அங்கே 100 சதவீதம் என்று காட்டும். ஐம்பது பேர் பத்துக்குப் பத்தும், ஐம்பது பேர் பத்துக்கு நாலும் போட்டால் 50 சதவீதம். 60க்குக் கீழே போனதால் "அழுகிய தக்காளி" முத்திரை. இந்த இரண்டாவது படம்தான் சிலருக்கு வாழ்நாள் படமாக இருக்கும். யாருக்கும் உறுத்தாத படம் மேலே வரும், துணிந்து எடுத்த படம் கீழே போகும். கணக்கே அப்படி.

ஐஎம்டிபியில் மொத்த எண்ணைப் பார்க்காமல், அதை அழுத்தி உள்ளே போய் வாக்குகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். 10ம் 1ம் மட்டும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அது ரசிகர் மன்றச் சண்டை. 6, 7, 8 பக்கம் மேடாக இருந்தால் உண்மையான பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். முதல் வாரத்தில் நம் படங்களுக்குப் பெரும்பாலும் முதல் வடிவம்தான்.

மதிப்பெண் என்பதே யார் போடுகிறார், எந்த அளவுகோலில் போடுகிறார் என்று தெரிந்தால்தான் பயன்படும். ஆனந்த விகடன் 16 வயதினிலே படத்துக்குக் கொடுத்தது 100க்கு 62.5. பள்ளிக்கூடக் கணக்கில் அது சாதாரண மார்க். விகடனைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். அங்கே நாற்பதைத் தாண்டினாலே போய்ப் பார்க்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திர அளவு வைத்திருந்தார். 1967 முதல் 2013இல் இறக்கும்வரை ஒரே நாளிதழில் எழுதியவர், 1975இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர். நட்சத்திரம் அந்தந்த வகைப் படத்துக்குள் ஒப்பிட்டுப் போடுவது என்று அவரே விளக்கியிருக்கிறார். ஒரு சாகசப் படத்துக்கு மூன்றரை, ஒரு கனமான குடும்பக் கதைக்கு மூன்று என்றால் முதலாவது இரண்டாவதைவிட உயர்ந்தது என்று அர்த்தமில்லை. இது தெரியாமல் அவர் பட்டியலை மேலிருந்து கீழே வரிசைப்படுத்திப் பார்ப்பவர்கள் நிறைய.

சராசரியில் கிடைக்காத ஒன்று ஒரே ஆளை நீண்ட காலம் படிப்பதில் கிடைக்கிறது. ஆள் மாறவில்லை, அளவுகோல் மாறவில்லை; மாறுவது படம் மட்டும். அடிமைத்தனம் எங்கே வந்தது இதில்?

கூடலூர் நாடன்:
பெருமாள்மலை அண்ணன் கேட்டதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. முதல் நாள் காலைல வர்ற "விமர்சனம்" பத்திப் பேசலாம். தமிழ்நாட்டுல பெரிய படங்களுக்கு முதல் காட்சி இப்ப காலை 9 மணிக்குத்தான். பக்கத்துல கேரளாவுல அதுக்கு முன்னாடியே ஓட்டிடறாங்க. எங்க கூடலூர்ல இருந்து பார்த்தா எல்லை தாண்டினா படம் முடிஞ்சே போயிருக்கும். அதனால 9 மணிக்கு முன்னாடி வர்ற பதிவெல்லாம் பொய்னு தள்ளிட முடியாது. ஆனா கணக்குப் போடலாம். படம் 2 மணி 45 நிமிஷம், இடைவேளை 15, 20 நிமிஷம். ஆக மூணு மணி நேரம். எந்த ஊர்ல எத்தனை மணிக்கு முதல் காட்சியோ அதுல மூணு மணி நேரம் கூட்டுங்க. அதுக்கு முன்னாடி "கிளைமாக்ஸ் தெறி"னு போட்டவர் படத்தை முடிச்சுப் பார்க்கலை.

அடுத்தது வார்த்தை. நாலு சமூக வலைத்தளக் கணக்குல ஒரே சொற்றொடர், ஒரே வரிசையில, சில நிமிஷ இடைவெளியில வந்தா ஒரே இடத்துல இருந்து அனுப்பினது. "முதல் பாதி நல்லாருக்கு, இடைவேளை மிரட்டல், பின்னணி இசை வேற லெவல்" — இது எந்தப் படத்துக்கும் ஒட்டும். படத்துல இருக்கிற ஒரு பாத்திரத்தோட பேர்கூட இல்லாத பாராட்டை அப்படியே தள்ளிடுங்க. திட்டுறதுக்கும் இதே அளவுகோல்தான்.

காசு வாங்கினா சொல்லணும்னு விதி இருக்கு. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021ல கொண்டு வந்த வழிகாட்டுதல்படி, 15 வினாடியில இருந்து ரெண்டு நிமிஷம் வரைக்கும் உள்ள வீடியோவுல "விளம்பரம்"ங்கிற குறிப்பு மூணுல ஒரு பங்கு நேரம் தெரியணும். ரெண்டு நிமிஷத்துக்கு மேலன்னா அந்தப் பொருளைப் பத்திப் பேசற பகுதி முழுக்க இருக்கணும். கீழ விவரப் பகுதியில, "மேலும்" அமுக்கினாத்தான் தெரியற மாதிரி ஒளிச்சு வைக்கிறது சரியில்லை. ஒரே சேனல்ல அந்தப் படத்தோட விளம்பரப் பேட்டி நாலு போட்டுட்டு வெள்ளிக்கிழமை விமர்சனமும் வந்தா, பேட்டிக்குக் காசு வாங்கினாங்களான்னு பாருங்க. வாங்கியிருந்தா விமர்சனம் பொய்னு அர்த்தம் இல்லை. ஆனா திட்ட வேண்டிய இடத்துல "இன்னும் கொஞ்சம் கவனம் செலுத்தியிருக்கலாம்"னு மெத்துன்னு முடியும்.

கேத்தி வாசகன்:
அப்படியானால் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்பது நியாயம்தானே?

கூடலூர் நாடன்:
இல்லை தோழரே. கெட்டதை வடிகட்டத் தெரியணும். நல்லதையும் சேர்த்து நிறுத்தக்கூடாது. முதல் மூணு நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டுப் போட்ட வழக்குல 2024 டிசம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது, கருத்துச் சுதந்திரம்னு சொல்லி. அந்த மூணு நாள்லதான் வசூலோட பெரும்பகுதி வருது. அப்பத்தான் நமக்கும் ஆலோசனை தேவை.

லவ்டேல் தபால்:
யாரும் தொடாத ஒன்று: விமர்சகர் எந்த அரங்கில் பார்த்தார் என்பது. சென்னையில் பத்திரிகையாளர் காட்சி பெரும்பாலும் நன்றாகப் பராமரித்த அரங்கில் நடக்கும். நாம் பார்க்கப்போகும் அரங்கு அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

திரையில் வெளிச்சத்துக்கான தர அளவு 14 ஃபுட்-லாம்பர்ட். புரொஜெக்டரின் செனான் விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் இறங்கும். மாற்றச் செலவாகும் என்று தள்ளிப்போடுவார்கள். முப்பரிமாணக் கண்ணாடி போட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். எனவே "இரவுக் காட்சிகளில் இருட்டையே பாத்திரமாக்கியிருக்கிறார் ஒளிப்பதிவாளர்" என்று விமர்சகர் புகழ்ந்தால், மங்கலான அரங்கில் நமக்குத் தெரியப்போவது கறுப்புத் துணிதான். அந்த மாதிரிப் படத்துக்கு லேசர் புரொஜெக்டர் உள்ள திரையைத் தேடுங்கள், இல்லையென்றால் ஓடிடிக்கு விடுங்கள்.

ஒலி இன்னும் முக்கியம். தியேட்டரின் ஒலியளவை வைக்கும் டால்பி ப்ராசசரில் 7 என்பது தர அளவு, படத்தின் ஒலியைக் கலப்பதும் அந்த அளவை வைத்துத்தான். சத்தம் என்று புகார் வந்ததும் தியேட்டரில் 5க்கு இறக்கிவிடுவார்கள். ஒரு புள்ளிக்குச் சுமார் 3.3 டெசிபல், ஆக இரண்டு புள்ளி இறங்கினால் ஆறரைக்கு மேல். வெடிச்சத்தம் அடங்கும், கூடவே முணுமுணுத்துப் பேசும் வசனமும் காணாமல் போகும். கங்குவா 2024 நவம்பரில் வந்தபோது இரைச்சல் என்று எல்லா ஊரிலிருந்தும் எழுதினார்கள், தயாரிப்பாளரே ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். அங்கே விமர்சகர்கள் சொன்னது படத்தின் குறை. ஒரே ஒருவர் மட்டும் "வசனம் புரியவில்லை" என்றால் அது அவர் உட்கார்ந்த அரங்கின் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று ஊர்க்காரர்கள் ஒரே ஒலிக் குறையைச் சொன்னால் நம்பலாம் என்பது என் கணக்கு.

இதோடு ஒன்று: வெளியான பிறகு வெட்டுவார்கள். இந்தியன் 2 படத்தில் சில நாளில் சுமார் 12 நிமிடம் குறைத்தார்கள், கங்குவாவிலும் அப்படியே. வியாழன் இரவோ வெள்ளி காலையோ எழுதிய விமர்சனம் ஒரு வடிவத்துக்கு. அடுத்த வாரம் நாம் பார்ப்பது வேறு வடிவம். விமர்சனத்தில் சொன்ன நீளத்தையும், டிக்கெட் செயலியில் இப்போது காட்டும் நீளத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். "நீளம் அதிகம், அந்த இரண்டு பாட்டும் தேவையில்லை" என்பதுதான் அவருடைய முக்கியக் குறை என்றால், வெட்டிய பிறகு அந்தக் குறை பாதி தீர்ந்திருக்கும்.

பெருமாள்மலை:
ஒலி விஷயம் எனக்குப் புதுசுங்க, நன்றி. ஒருத்தரையே தொடர்ந்து படிக்கணும்ங்கறதையும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். எங்க கொடைக்கானல்ல குணா குகையைப் பார்க்க எவ்வளவு கூட்டம்! 1991 தீபாவளிக்கு அந்த 'குணா' படம் தளபதியோட சேர்ந்து வந்தப்ப இந்த மதிப்பு கிடைக்கலையே. அப்ப விமர்சகரை நம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

சோலைக்குருவி (கொடைக்கானல்):
பெருமாள்மலை, இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக்குகிறீர்கள். வெள்ளிக்கிழமை விமர்சனம் "இந்த வாரம் போகலாமா" என்பதற்குப் பதில். ஒரு படம் எங்கே நிற்கும் என்பது பத்து இருபது வருடம் கழித்து, திரும்பத் திரும்பப் பார்த்து எழுதப்படும் வேறொரு எழுத்து. டெவில்ஸ் கிச்சன் என்ற இடத்தை மக்கள் வாயில் குணா குகை ஆக்கியது அந்தப் படம். 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் அதன் பாட்டை எடுத்து வைத்தபோது, 1991இல் பிறக்காதவர்களும் அரங்கில் சேர்ந்து பாடினார்கள். எந்த வெள்ளிக்கிழமை விமர்சகரும் இதைக் கணித்திருக்க முடியாது, கணிக்க வேண்டியதும் இல்லை.

அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் ஒரு படத்தை ஒரே தடவைதான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தவர். முதல் பார்வையின் சூடு அவர் எழுத்தில் அப்படியே இருக்கும். ஈபர்ட்டோ பழைய படங்களுக்குத் திரும்பிப் போய்த் தனிக் கட்டுரைத் தொடரே எழுதினார். இரண்டு வகையும் வேண்டும், எதை எதற்குப் படிக்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

தமிழில் இரண்டாவது வகைக்கு சு. தியடோர் பாஸ்கரனைப் படியுங்கள். தமிழ் சினிமா பற்றிய அவருடைய ஆங்கில நூலுக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் "எம் தமிழர் செய்த படம்" இருக்கிறது. நாடகக் கம்பெனிகளிலிருந்து நம் சினிமா எதையெல்லாம் எடுத்துக்கொண்டது, வசனமும் பாட்டும் ஏன் இவ்வளவு இடம் பிடித்தன என்பது அவரைப் படித்தால் புரியும். புரிந்தபின், "வசனம் அதிகம்" என்று இன்றைய விமர்சகர் எழுதும்போது அது அந்தப் படத்தின் குறையா, நம் சினிமா மொத்தத்துக்கும் உள்ள பழக்கமா என்று நாமே பிரித்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விமர்சகர்களை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த எடைக்கல் அவருடைய எழுத்து.

கேத்தி வாசகன்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று, பிள்ளைகளோடு போவதானால்? ரங்கன் போன்றவர்கள் வன்முறை எவ்வளவு என்று கணக்குச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

லவ்டேல் தபால்:
அதற்குச் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை என்றால் யு/ஏ 16+ படத்தை, யார் எவ்வளவு புகழ்ந்தாலும், யோசிக்காமல் விட்டுவிடலாம். 13+ என்றால் விமர்சனத்தில் ரத்தம், தற்கொலை, பாலியல் வன்முறை பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அரங்குக்குள் விடத் தடை இல்லை என்றாலும் அந்த வயதில் தூக்கம் கெடுக்கும் விஷயங்கள் அவை.

கோவைக்கு இறங்குவதானால் சனிக்கிழமை பகல் காட்சி வையுங்கள். வெள்ளி இரவுக்குள் நீங்கள் நம்புகிறவர் எழுதியிருப்பார், வெவ்வேறு ஊர்களிலிருந்து மூன்று நாலு பேர் ஒலியைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். டிக்கெட்டை வெள்ளி இரவு பத்து மணிக்குப் போட்டால் போதும். முதல் நாளே விற்றுத் தீரும் படமென்றால் ரத்து வசதி உள்ள காட்சியை முன்பே போட்டு வைத்து, விமர்சனம் படித்தபின் முடிவெடுங்கள். ரத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு வரை விடுகிறார்கள் என்பது அரங்குக்கு அரங்கு மாறும், பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.